வெளிநாட்டில் சைக்கிள் பயணம்: சாலை விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடு விட்டு நாடு சைக்கிளில் போகத் திட்டமிடுகிறவர்கள் முதலில் கேட்பது ஹெல்மெட்டைப் பற்றித்தான். அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த வரையில் போலீசிடம் மாட்டிவிடுவதும் ஆம்புலன்ஸை வரவழைப்பதும் பெரும்பாலும் வேறு சங்கதிகள்: எந்தப் பக்கம் ஓட்டுவது, யாருக்கு யார் வழிவிடுவது, எந்தப் பலகை என்ன சொல்கிறது. அதனால் அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

எல்லா நாட்டுக்கும் பொதுவான சைக்கிள் சட்டம் உண்டா?

சட்டம் என்று இல்லை. ஒப்பந்தம் ஒன்று உண்டு. 1968-இல் வியன்னாவில் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம், எல்லை தாண்டி வரும் சைக்கிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஒழுங்காகப் பிடிக்கிற பிரேக், போதுமான தூரம் கேட்கும் பெல், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் லைட், பின்னால் சிவப்பு லைட். பெல்லைத் தவிர வேறு எந்த ஒலிப்பானும் கூடாது என்றும் அதில் இருக்கிறது. காற்றழுத்த ஹாரன் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் கவனிக்கவும்.

ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா சேரவில்லை. அவை 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தத்தோடு நிற்கின்றன. எப்படியானாலும் மேலே சொன்ன ஐந்தும் உங்கள் சைக்கிளில் இருந்தால், அநேகமாக எந்த எல்லையிலும் வண்டியைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் பங்குக்குச் சேர்த்திருப்பதுதான் தலைவலி.

"எங்கள் நாட்டில் இது தப்பில்லையே" என்று சொன்னால் விடுவார்களா?

மாட்டார்கள். சக்கரம் எந்த மண்ணில் உருள்கிறதோ அந்த மண்ணின் சட்டம்தான். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நாட்டின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டால்கூடப் போதாது. அங்கே சைக்கிள் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சரி, ஹெல்மெட் எங்கெல்லாம் கட்டாயம்?

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வயது பேதமில்லாமல் எல்லோருக்கும். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 1990-இல் தொடங்கி வைத்தது. நியூசிலாந்து 1994-இல் சேர்ந்துகொண்டது. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் மட்டும் பெரியவர்கள் சைக்கிள் பாதையிலும் நடைபாதையிலும் ஹெல்மெட் இல்லாமல் போகலாம். சிங்கப்பூரில் சாலையில் இறங்கினால் கட்டாயம்.

ஸ்பெயினில் ஊருக்கு வெளியே எல்லோரும் போட வேண்டும். ஊருக்குள் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மட்டும். ஸ்லோவாக்கியாவிலும் ஊருக்கு வெளியே எல்லோருக்கும் கட்டாயம். பிரான்சில் 12 வயதுக்குக் கீழே, ஸ்வீடனில் 15-க்குக் கீழே, செக் நாட்டில் 18-க்குக் கீழே. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எல்லோருக்கும், ஒன்டாரியோவில் 18-க்குக் கீழே. நெதர்லாந்தில் சாதாரண சைக்கிளுக்கு யாருக்குமே கட்டாயமில்லை.

ஜப்பானும் தென் கொரியாவும் நடுவழியில் நிற்கின்றன. தென் கொரியா 2018 செப்டம்பரிலும் ஜப்பான் 2023 ஏப்ரலிலும் எல்லோரும் அணிய வேண்டும் என்று சட்டத்தில் எழுதிவிட்டன. ஆனால் அணியாதவருக்கு அபராதம் வைக்கவில்லை.

என் யோசனை எளிது. ஹெல்மெட் முந்நூறு கிராம் சொச்சம்தான் இருக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டால் மேலே உள்ள பட்டியலை மறந்துவிடலாம். மிச்சமாகும் நேரத்தில் வலம், இடம், முன்னுரிமை பற்றிப் படியுங்கள்.

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவன் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் பயணிகள் அதிகம் போகும் சில: பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ், ஜப்பான், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. மீகாங் ஆற்றின் ஒரு கரையில் தாய்லாந்து இடப்பக்கம், மறுகரையில் லாவோஸ் வலப்பக்கம். பாலத்தைத் தாண்டினால் பக்கம் மாறிவிடும்.

நெரிசலான சாலையில் யாருக்கும் பக்கம் தப்புவதில்லை. முன்னால் போகிற வண்டியே வழிகாட்டிவிடும். தப்புவது ஆளில்லாத சாலையில், அதுவும் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி கிளம்பும்போது. எனக்கு அப்படித்தான் ஆனது. வலப்பக்க நாட்டில் நாலாவது நாள், "பழகிவிட்டது" என்று நினைத்திருந்த நேரம். காலை ஆறரை மணிக்குச் சாலையின் இடது ஓரத்திலிருந்த பெட்ரோல் பங்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, பாட்டிலை மூடியபடியே அந்த ஓரத்திலேயே நேராக ஓட்டத் தொடங்கிவிட்டேன். காற்றும் சரிவும் சாதகம், மனசு லேசாக இருந்தது. வளைவில் எதிரே ஒரு பால் லாரி வந்த பிறகுதான் உறைத்தது. ஓட்டுநர் ஹாரன்கூட அடிக்கவில்லை. நிறுத்தி, ஜன்னல் வழியே கையை மட்டும் நீட்டி "அந்தப் பக்கம்" என்று காட்டினார்.

அன்று முதல் ஹேண்டில்பாரில் ஓட்ட வேண்டிய பக்கத்தில் ஒரு சிவப்பு டேப் சுற்றி வைக்கிறேன். டேப் இருக்கும் பக்கம் சாலை ஓரம் இருந்தால் சரி. சைக்கிளில் பின்னால் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்தால் அதையும் போக்குவரத்து இருக்கும் பக்கத்துக்கு மாற்றுங்கள். சாலையைக் கடக்கும்போது எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது என்பதும் தலைகீழாகிவிடும். ஆகவே இரண்டு பக்கமும் இரண்டு தடவை பாருங்கள்.

அங்கேயே சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் பிரேக்கும் மாறியிருக்குமா?

மாறியிருக்கலாம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பானில் வழக்கமாக வலது கை முன் பிரேக். அமெரிக்காவிலும் ஐரோப்பியப் பெருநிலத்தின் பெரும்பகுதியிலும் இடது கை முன் பிரேக். பதற்றத்தில் பழக்கமான கை பழக்கமான விசையோடு அழுத்தும். முன் சக்கரம் பூட்டிக்கொண்டு நீங்கள் ஹேண்டில்பாருக்கு மேலே போய்விடுவீர்கள். கடைக்காரர் முன்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, ஒரு கையை மட்டும் அழுத்திப் பாருங்கள். பின் சக்கரம் லேசாகத் தூக்கினால் அது முன் பிரேக்.

நெதர்லாந்தில் வாடகைக்குக் கிடைக்கும் பல சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். சிக்னலில் பெடலை வசதியான இடத்துக்குச் சுழற்றி வைக்கப் பார்ப்பீர்கள், வண்டி அப்படியே நின்றுவிடும். இது சட்ட விஷயம் இல்லைதான். ஆனால் முதல் நாள் விழுந்து எழுகிறவர்களில் பாதிப் பேர் இதனால்தான் விழுகிறார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

முன்னுரிமை என்றால் என்ன? பெரிய சாலையில் போகிறவனுக்குத்தானே முதலிடம்?

எல்லா இடத்திலும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

வலப்பக்கம் ஓட்டும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில், பலகையோ சிக்னலோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து எல்லாம் இப்படித்தான். நீங்கள் அகலமான தெருவில் நேராகப் போய்க்கொண்டிருப்பீர்கள். வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு கார் வேகத்தைக் குறைக்காமலே மூக்கை நீட்டும். அவர் அடாவடி செய்யவில்லை. சட்டப்படி நீங்கள்தான் நிற்க வேண்டும். இதுவே உங்களுக்கும் பொருந்தும்: வலப்பக்கத்திலிருந்து நீங்கள் சைக்கிளில் வந்தால் கார் நிற்க வேண்டும். நிற்கும் என்று நம்பிப் பாயாதீர்கள், அவ்வளவுதான்.

இந்த விதிக்கு விலக்கு கொடுப்பது பலகை. மஞ்சள் வைரம், சுற்றி வெள்ளை விளிம்பு: நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள். அதே வைரத்தின் குறுக்கே கறுப்புக் கோடு போட்டிருந்தால் அந்தச் சலுகை முடிந்தது. தலைகீழ் முக்கோணம் இருந்தால் வழிவிட வேண்டும். நெதர்லாந்தில் அந்த முக்கோணத்தைத் தரையிலேயே வரிசையாக வரைந்திருப்பார்கள். "சுறாப் பற்கள்" என்பது அவர்கள் வைத்த பெயர். பல்லின் கூர்முனை யாரைப் பார்த்து இருக்கிறதோ அவர் நிற்க வேண்டும். சைக்கிள் பாதையிலும் இந்தப் பற்கள் உண்டு. சிவப்புத் தார் போட்ட பாதையில் வெள்ளைப் பற்கள் உங்களைப் பார்த்துச் சிரித்தால், குறுக்கே போகிற சாலைக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும்.

ரவுண்டானாவில் பல நாடுகளில் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை. நெதர்லாந்தில் ரவுண்டானாவைச் சுற்றித் தனிச் சைக்கிள் பாதை இருக்கும். ஊருக்குள் பெரும்பாலும் சைக்கிளுக்கு முன்னுரிமை, ஊருக்கு வெளியே காருக்கு. எது எது என்று ஊர் எல்லையை வைத்து யோசிக்க வேண்டாம், பற்களைப் பாருங்கள்.

குறுக்கே திரும்பும்போது கார்களோடு நடுவுக்குப் போகலாமா?

டென்மார்க்கில் கூடாது. அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டிய சைக்கிள்காரர் முதலில் நேராகச் சந்திப்பைக் கடந்து எதிர் மூலைக்குப் போக வேண்டும். அங்கே நின்று, திரும்பி, வழி கிடைத்ததும் அடுத்த சாலையைக் கடக்க வேண்டும். நிற்கப் போகிறீர்கள் என்றால் பின்னால் வருகிறவருக்குத் தெரியக் கையை உயர்த்த வேண்டும். கோபன்ஹேகனில் காலை நேரத்தில் கையை உயர்த்தாமல் நின்று பாருங்கள், பின்னால் வரும் பத்துப் பேரும் உங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். ஜப்பானிலும் வலப்பக்கம் திரும்பும் சைக்கிள் இப்படி இரண்டு கட்டமாகத்தான் திரும்ப வேண்டும்.

பிரிட்டன் போன்ற நாடுகளில் பின்னால் பார்த்து, கை காட்டி, லேன் நடுவுக்கு வந்து திரும்பலாம். துணிச்சல் இல்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அதை எந்த நாடும் தடுக்கவில்லை.

சிவப்பு விளக்கில் சைக்கிளுக்கு மட்டும் விலக்கு உண்டாமே?

பலகை இருந்தால் மட்டும். பிரான்சில் சிக்னல் கம்பத்தில் சின்ன முக்கோணத்தில் மஞ்சள் சைக்கிளும் அம்புக்குறியும் இருந்தால், அந்தத் திசையில் மட்டும் சிவப்பிலும் போகலாம். நடந்து போகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். ஜெர்மனி 2020-இல் சைக்கிளுக்கான பச்சை அம்புப் பலகையைக் கொண்டுவந்தது. அங்கே முதலில் முழுசாக நின்றுவிட்டுத்தான் வலப்பக்கம் திரும்பலாம்.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலம் 1982-லேயே சைக்கிள்காரர்களுக்கு "நில்" பலகையை "வழிவிடு" பலகையாக எடுத்துக்கொள்ளும் உரிமை கொடுத்தது. ஓரிகனும் வாஷிங்டன் மாநிலமும் 2020-இல் அந்தப் பலகை விஷயத்தில் அதே வழிக்கு வந்தன. இதைப் படித்துவிட்டு பக்கத்து மாநிலத்தில் முயற்சி செய்யாதீர்கள். ஜெர்மனியில் பலகை இல்லாத சிவப்பைத் தாண்டினால் 60 யூரோ. சிவப்பு விழுந்து ஒரு நொடிக்கு மேல் ஆகியிருந்தால் 100 யூரோ.

எந்தப் பலகையை அதிகம் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்?

வட்டம், சிவப்பு விளிம்பு, நடுவில் கறுப்புச் சைக்கிள். "இது சைக்கிள் பாதை" என்று நினைத்துச் சந்தோஷமாக உள்ளே போவார்கள். அர்த்தம் நேர் எதிர்: சைக்கிளுக்குத் தடை. குறுக்குக் கோடு எதுவும் இருக்காது, சிவப்பு விளிம்பே தடைதான்.

நீல வட்டத்தில் வெள்ளைச் சைக்கிள் என்றால் சைக்கிள் பாதை. ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, பிரான்ஸ் போன்ற நாடுகளில் அந்தப் பாதையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். "சாலை வழவழவென்று இருக்கிறது, பாதையில் வேர் முட்டுகிறது" என்பது செல்லாது. பிரான்சில் அதே படம் நீலச் சதுரத்தில் இருந்தால் விருப்பம்தான். வட்டமா சதுரமா என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பலகைக்குக் கீழே ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளைப் பட்டையையும் விடாதீர்கள். தடைப் பலகைக்குக் கீழே ஜெர்மனியில் சைக்கிள் படத்தோடு "ஃப்ரை", பிரான்சில் "சோஃப் வெலோ" என்றிருந்தால் அந்தத் தடை சைக்கிளுக்கு இல்லை. ஒருவழித் தெருவில் எதிர்த்திசையில் சட்டப்படி போகக் கிடைக்கும் வழி அதுதான்.

ஹைவேயில் ஓட்டலாமா?

மோட்டார்வே என்னும் அதிவேகச் சாலையில் ஐரோப்பாவில் கூடாது. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். ஜெர்மனியிலும் பிரான்சிலும் அதற்கு நீலப் பலகை, இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும் பச்சை. பாலத்துக்கு அடியில் இரட்டைச் சாலை போகிற மாதிரியான படத்தைத் தேடுங்கள். நீலச் சதுரத்தில் வெள்ளைக் கார் மட்டும் நேராக நம்மைப் பார்த்து நின்றால் அதுவும் மோட்டார் வண்டிகளுக்கு மட்டுமான சாலை. செல்போன் வரைபடம் சில சமயம் அதன் வழியாகக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கும்.

ஸ்பெயின் ஒரு விசித்திரம். ஆட்டோபிஸ்டா என்னும் மோட்டார்வேயில் சைக்கிள் கூடாது. ஆனால் ஆட்டோவியா என்னும் இரட்டைச் சாலையில், தடைப் பலகை இல்லாத இடத்தில், 14 வயதுக்கு மேற்பட்டவர் ஓரப் பட்டையில் போகலாம். அமெரிக்காவில் வயோமிங், மொன்டானா போன்ற மேற்கு மாநிலங்களில் இன்டர்ஸ்டேட் சாலையின் ஓரத்தில் ஓட்ட அனுமதி உண்டு. அங்கே சில இடங்களில் அதை விட்டால் வேறு சாலையே கிடையாது.

சுரங்கப் பாதைகள், பாலங்கள்?

வரைபடத்தில் கோடு ஒன்றாகத்தான் தெரியும், அங்கே போய் நின்றால்தான் தடை தெரியும். நார்வேயில் இது பெரிய தொல்லை. 24.5 கிலோமீட்டர் நீளமுள்ள லேர்டால் சுரங்கத்தில் சைக்கிள் போக முடியாது; மலைக்கு மேலே பழைய சாலை உண்டு, குளிர்காலத்தில் அது பனியில் மூடிக்கிடக்கும். டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலத்திலும் சைக்கிளுக்கு இடமில்லை, ரயிலில் ஏற்றித்தான் கடக்க வேண்டும். ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கமும் அப்படியே. பயணத் திட்டம் போடும்போது ஒவ்வொரு சுரங்கத்தையும் பெயர் போட்டுத் தேடிவிடுங்கள். அனுமதி உள்ள சுரங்கமானாலும் லைட் இல்லாமல் நுழையாதீர்கள்.

மின்னி மின்னி எரியும் லைட் போதுமா?

நாட்டைப் பொறுத்தது. ஜெர்மனியில் சைக்கிளில் மாட்டிய லைட் மின்னக் கூடாது. நிலையாக எரிய வேண்டும். அதோடு அங்கே அங்கீகாரம் பெற்ற லைட்டாக இருக்க வேண்டும். அதன் உடம்பில் ஒரு அலைக்கோடும் "கே" எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். முன்பெல்லாம் டைனமோ கட்டாயம் என்றிருந்தது. 2013 முதல் பேட்டரி லைட்டும் போதும். டென்மார்க்கில் மின்னலாம், ஆனால் நிமிடத்துக்கு 120 தடவைக்குக் குறையக் கூடாது. பிரிட்டனிலும் மின்னும் லைட்டுக்கு அனுமதி உண்டு.

குழப்பமே வேண்டாம் என்றால் நிலையாக எரியும் பயன்முறையை வைத்துக்கொள்ளுங்கள். அதை எந்த நாடும் குறை சொல்லாது. சக்கரத்தின் பக்கவாட்டில் தொங்கும் பன்னியர் பைகளைக் கட்டிய பிறகு பின் லைட்டும் ரிஃப்ளெக்டரும் மறைகின்றனவா என்று பத்தடி பின்னால் நின்று பாருங்கள். மறைந்த லைட் சட்டத்தின் கண்ணில் இல்லாத லைட்.

ஒளிரும் மேலங்கி வாங்க வேண்டுமா?

வாங்கிவிடுங்கள். பிரான்சில் ஊருக்கு வெளியே இரவிலும் மங்கலான வெளிச்சத்திலும் கட்டாயம். இத்தாலியில் ஊருக்கு வெளியே சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகும், சுரங்கத்துக்குள் எந்த நேரமும். ஸ்பெயினில் ஊருக்கு வெளியே 150 மீட்டர் தூரத்திலிருந்து தெரியும் ஒளிரும் உடை வேண்டும். பகலில் சுருட்டிப் பைக்குள் போட்டுவிடலாம். ஆனால் அடி ஆழத்தில் புதைக்காதீர்கள், சுரங்கம் சொல்லிவிட்டு வருவதில்லை.

செல்போன், ஹெட்போன்?

ஓட்டும்போது கையில் செல்போன் பிடிப்பது பல நாடுகளில் சைக்கிளுக்கும் குற்றம். நெதர்லாந்தில் 2019 ஜூலை முதல் தடை. ஜெர்மனியில் 55 யூரோ. ஹேண்டில்பாரில் மாட்டி வரைபடம் பார்ப்பது வேறு. அதைத் தடுப்பதில்லை, தட்டிக்கொண்டே ஓட்டினால்தான் சிக்கல். ஹெட்போன் பிரான்சில் 2015 முதல் தடை, 135 யூரோ. காதில் செருகுகிற சின்னதும் அதில் சேரும். ஸ்பெயினிலும் கூடாது.

ஜப்பான் இதில் கடுமையாகிவிட்டது. 2024 நவம்பர் 1 முதல் செல்போன் பிடித்துக்கொண்டு ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் யென் வரை அபராதம் என்று சட்டம் வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் 16 வயதுக்கு மேற்பட்ட சைக்கிள்காரர்களுக்கும் கார்களைப் போல உடனடி அபராதச் சீட்டு. செல்போனுக்கு 12,000 யென். குடை பிடித்தபடி ஓட்டுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. இன்னொன்று: ஜப்பானில் பெல் இருக்க வேண்டும், ஆனால் நடந்து போகிறவர்களை விலக்குவதற்காக அடிக்கக் கூடாது.

மாலையில் ஒரு பீர் குடித்துவிட்டு ஓட்டலாமா?

விடுதிக்குப் பக்கத்தில் குடியுங்கள், நடந்து போங்கள். செக் நாட்டில் சைக்கிள்காரருக்கும் வரம்பு பூஜ்யம். போலந்தில் ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.2 பங்கிலேயே குற்றம் தொடங்குகிறது. நெதர்லாந்தில் 0.5. ஜெர்மனியில் 1.6 தொட்டாலே கிரிமினல் குற்றம். தள்ளாடி ஓட்டினாலோ விபத்து நடந்தாலோ 0.3-க்கே வழக்கு வரலாம். பிரிட்டனில் எண் கிடையாது, ஆனால் கட்டுப்பாட்டோடு ஓட்ட முடியாத நிலையில் இருந்தால் குற்றம். ஜப்பானில் மூச்சுப் பரிசோதனையில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் இருந்தால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். உங்களுக்குச் சைக்கிளைக் கொடுத்தவரும் குடிக்கக் கொடுத்தவரும்கூட மாட்டுவார்கள்.

பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாமா?

நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், ஆஸ்திரேலியாவில் இருவர் சேர்ந்து போகலாம். ஜெர்மனியில் மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் போகலாம். பிரான்சில் இரவிலும், பின்னால் வண்டி முந்த வரும்போதும் ஒற்றை வரிசைக்கு வர வேண்டும். இத்தாலியில் ஊருக்கு வெளியே ஒற்றை வரிசைதான். ஜப்பானில் பொதுவாகத் தடை.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு இரண்டு எண்கள். ஜெர்மனியில் 15 பேருக்கு மேல் ஒரே அணியாகப் போனால் இரண்டு வரிசையாகப் போகலாம். முதல் ஆள் பச்சையில் நுழைந்துவிட்டால், நடுவில் சிவப்பு விழுந்தாலும் அணி முழுதும் கடக்கலாம். சிங்கப்பூரில் 2022 முதல் ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இரட்டை வரிசையில் பத்துப் பேர், அதற்கு மேல் கூடாது.

கார்கள் எவ்வளவு தள்ளிப் போக வேண்டும்?

ஜெர்மனியில் ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர். பிரான்சில் ஊருக்குள் 1, வெளியே 1.5. ஸ்பெயினில் 1.5. பிரிட்டனில் 2022 ஜனவரி முதல் 1.5. சொல்லிக் காட்டி எந்த ஓட்டுநரையும் திருத்த முடியாது. ஆனால் இந்த இடைவெளி உங்கள் உரிமை என்று தெரிந்திருந்தால் பயந்து பயந்து சாக்கடை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போக மாட்டீர்கள்.

இ-பைக் எல்லா இடத்திலும் சைக்கிளாகத்தான் கருதப்படுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் மோட்டார், மிதித்தால் மட்டும் உதவி, 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும்: அப்படியிருந்தால் சைக்கிள். 45 கிலோமீட்டர் வரை தள்ளும் வகை மொபெட் கணக்கில் சேரும். நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் வேண்டும். ஜப்பானில் உதவி 24 கிலோமீட்டரோடு நிற்க வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் மூன்று வகுப்புகள், 750 வாட் வரை. அங்கே வாங்கிய, வேகம் அதிகமுள்ள மூன்றாம் வகுப்பு வண்டியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனால் அது சட்டப்படி சைக்கிளே இல்லை.

அதற்கு முன்னால் விமானம் ஒரு சுவர். பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேலான லித்தியம் பேட்டரிக்கு அனுமதியில்லை. இ-பைக் பேட்டரிகள் பொதுவாக அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. போகிற இடத்தில் வாடகைக்கு எடுப்பதுதான் வழி.

குழந்தைகளோடு போகிறோம்...

ஜெர்மனியில் குழந்தை இருக்கையில் 7 வயதுக்குக் குறைந்தவரை மட்டும் ஏற்றலாம், ஓட்டுபவருக்கு 16 ஆகியிருக்க வேண்டும். தானே ஓட்டும் பிள்ளைக்கு 8 வயது ஆகும்வரை அங்கே நடைபாதையோ, சாலையிலிருந்து பிரிந்த சைக்கிள் பாதையோதான். கூடப் போகும் பெரியவரும் நடைபாதையில் ஓட்டலாம். அதே பெரியவர் தனியாக நடைபாதையில் ஓட்டினால் தப்பு. பிரான்சில் பிள்ளை ஹெல்மெட் இல்லாமல் இருந்தால் 135 யூரோ உங்களுக்கு.

போலீஸ் நிறுத்தினால்?

ஓரமாக நிறுத்துங்கள், இறங்குங்கள், ஹெட்போனைக் கழற்றுங்கள். பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும். அந்நாட்டில் வசிக்காதவரிடம் அபராதத்தை அல்லது அதற்கு ஈடான தொகையை அங்கேயே கட்டச் சொல்லும் அதிகாரம் பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில் உண்டு. கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள். வாதாட நினைத்தால் ரசீதில் இருக்கும் முகவரிக்கு எழுதலாம், சாலையோரத்தில் வேண்டாம். ஜப்பானில் சைக்கிள் திருடப்பட்டதா என்று பதிவு எண்ணைப் பார்ப்பது சகஜம்; சொந்த வண்டியோடு போகிறவர்கள் வாங்கிய பில்லின் படத்தைச் செல்போனில் வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

விபத்து நடந்தால் சட்டம் யார் பக்கம்?

நெதர்லாந்தில் காரும் சைக்கிளும் மோதினால் பொறுப்பு பெரும்பாலும் காரின் தலையில். சைக்கிள்காரர் மேல் தப்பு இருந்தாலும் பெரியவருக்குப் பாதி இழப்பீடாவது பொதுவாகக் கிடைக்கும், 14 வயதுக்குக் கீழே என்றால் முழுதும். பிரான்சிலும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் காயம்பட்ட சைக்கிள்காரரைப் பெரிதும் காக்கிறது. இதெல்லாம் நீங்கள் அடிபட்டால். நடந்து போகிறவரை நீங்கள் மோதினால் கணக்கு மாறிவிடும். அந்தச் செலவு உங்களுடையது, அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே பயணக் காப்பீட்டில் மூன்றாம் நபருக்கான பொறுப்பு இருக்கிறதா, சைக்கிள் ஓட்டுவது அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். ஜப்பானில் ஹியோகோ 2015-இலும் டோக்கியோ 2020-இலும் சைக்கிள் காப்பீட்டையே கட்டாயமாக்கிவிட்டன. வாடகைக் கடையில் காப்பீடு சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள்.

எண்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111. ஜப்பானில் ஆம்புலன்சுக்கு 119, போலீசுக்கு 110.

இவ்வளவையும் எங்கே சரிபார்ப்பது?

அந்த நாட்டுப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளம், இல்லையென்றால் அந்நாட்டுச் சைக்கிள் சங்கத்தின் தளம். பயணிகள் எழுதியதைப் படிக்கும்போது முதலில் தேதியைப் பாருங்கள். ஜப்பானைப் பற்றி 2022-இல் ஒருவர் எழுதியது அன்றைக்கு முழுக்கச் சரியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஹெல்மெட், செல்போன், குடி, அபராதச் சீட்டு என்று நாலும் மாறிவிட்டன. நான் டிக்கெட் எடுக்கும்போது ஒரு தடவை, கிளம்புகிற வாரத்தில் ஒரு தடவை பார்க்கிறேன். கடக்கப் போகும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சின்னச் சீட்டில் நாலே வரி எழுதி ஹேண்டில்பார் பையின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிவிடுகிறேன்: பக்கம், முன்னுரிமை, லைட், குடி. எல்லை வந்ததும் சீட்டை மாற்றி, சிவப்பு டேப்பையும் பார்த்துக்கொண்டால் போதும்.